தத்தகாரம் தங்கிவிட்ட பாட்டு: ராக்ஸெட்டின் ‘தி லுக்’ (1989)

ராக்ஸெட் இரட்டையரின் ‘தி லுக்’ பாடலைப் பற்றி எழுதுவோர் ஒரு கதையைத் தவறாமல் சொல்வார்கள். ஸ்வீடனில் படித்துவிட்டு ஊர் திரும்பிய அமெரிக்க மாணவர் ஒருவர், அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘லுக் ஷார்ப்!’ என்ற தொகுப்பைக் கையோடு கொண்டுவந்து மினியாபொலிஸ் நகரின் கேடிடபிள்யூபி வானொலியில் கொடுத்தார். அது அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. திருப்பி வாங்க அவர் போனபோதுதான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அதைப் போட்டுப் பார்த்தார். பாட்டு பிடித்துப்போய் ஒலிபரப்பினார். நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். 1989 ஏப்ரல் 8 தேதியிட்ட பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் அந்தப் பாட்டு முதலிடத்தில் நின்றது. அமெரிக்காவில் அந்த இடத்தைத் தொட்ட மூன்றாவது ஸ்வீடன் பாடல் அது. 1974இல் ப்ளூ ஸ்வீடும் 1977இல் ஆபாவும் முன்னே போயிருந்தார்கள்.

கதை உண்மைதான். ஆனால் அதை விளக்கமாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். அதிர்ஷ்டம் ஒரு பாட்டை ஒரு மேசைவரை கொண்டுபோகும். அங்கிருந்து நாடு முழுக்க அதைக் கொண்டுசென்றது எது, தொகுப்பில் இத்தனை பாடல்கள் இருக்க இந்த ஒன்றை அந்த மேசை ஏன் பிடித்துக்கொண்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் மாணவர் கதையில் விடையில்லை. முதல் கேள்விக்கு அன்றைய அமெரிக்க வானொலி அமைப்பும், இரண்டாவதற்குப் பாட்டு உருவான முறையும் விடை என்பது என் வாதம்.

முதல் விடை சுருக்கமானது. அமெரிக்கச் சந்தைக்கு ஒத்துவராது என்று இஎம்ஐ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ராக்ஸெட்டை ஒதுக்கியிருந்தது. கடைகளில் தட்டு இல்லை. ஆனால் அன்றைய ஹாட் 100 பட்டியல், கடைகள் சொல்லும் விற்பனை வரிசையோடு வானொலி நிலையங்கள் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலையும் கூட்டித் தயாரானது. துல்லியமான மின்னணுக் கணக்கு வந்தது 1991 நவம்பரில்தான். எனவே மினியாபொலிசிலிருந்து மற்ற நிலையங்களுக்குக் கேசட்டில் நகலெடுத்து அனுப்பப்பட்ட ஒரு பாட்டு, நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திராமலே நாடெங்கும் ஒலிக்க முடிந்தது. நிறுவனம் பின்னாலேயே ஓடிவந்து தட்டை வெளியிட்டது.

இரண்டாவது விடைக்கு ஒரு கருவியிலிருந்து தொடங்க வேண்டும். எழுதியவர் இரட்டையரில் ஒருவரான பெர் கெஸ்லே. ஹால்ம்ஸ்டாட்காரர், யில்லெனே டீடெர் குழுவால் ஸ்வீடனில் ஏற்கெனவே புகழ்பெற்றவர். புதிதாக வாங்கிய என்சோனிக் ஈஎஸ்க்யூ-1 சிந்தசைசரை இயக்கப் பழகும்போது பிறந்த பாட்டு இது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். 1986இல் சந்தைக்கு வந்த அந்த அமெரிக்கக் கருவியில் அறுபத்தொரு கட்டைகள். ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள். முக்கியமானது, அதன் உள்ளேயே இருந்த எட்டுத் தடச் சீக்வென்சர். சில தாளச் சுற்றுகள் நீளமுள்ள ஒரு துண்டை வாசித்துப் பதிந்தால் கருவி அதைச் சலிக்காமல் திருப்பித் திருப்பி வாசிக்கும். அதன்மேல் அடுத்த தடத்தை ஏற்றலாம். இப்படிச் செய்த துண்டுகளைக் கோத்தால் முழுப் பாடல்.

கிதாரோடு உட்கார்ந்து எழுதுகிறவர் மெட்டையும் சுரக்கூட்டையும் சேர்த்தே நகர்த்துவார். சீக்வென்சரோடு உட்கார்ந்தவருக்கோ அடித்தளம் முன்பே ஓடிக்கொண்டிருக்கும். அதற்குமேல் எதைச் சொன்னாலும் தாளத்தில் உட்கார்ந்தால் போதும். ‘தி லுக்’கின் சரணங்களைக் கேட்டால் இது விளங்கும். கெஸ்லே அங்கே பாடுவதைவிடப் பேசுகிறார் என்பதே பொருத்தம். குறுகிய சுர எல்லைக்குள் சொற்கள் அடியடியாய் விழுகின்றன. பாஸ் நகராமல் உந்துகிறது. முதலில் இரட்டையரில் மற்றவரான மரீ பிரெட்ரிக்சனுக்கென எழுதப்பட்ட பாட்டு கெஸ்லேயிடமே திரும்பியதில் எனக்கு வியப்பில்லை. விரிந்து பாடும் குரலுக்கு அந்தச் சரணங்களில் இடமே இல்லை. பல்லவி விரியும்போது பிரெட்ரிக்சன் நுழைகிறார். அதுவரை அடைத்திருந்த கதவு அப்போதுதான் திறக்கிறது.

சொற்களின் கதை இன்னும் சுவையானது. முதல் இரண்டு சரணங்களும் மெட்டைப் பாடிப் பார்க்கக் கிறுக்கிவைத்த தற்காலிக வரிகள். நம் திரையிசையில் தத்தகாரம் செய்யும் வேலையை அவை செய்தன. வேறுபாடு என்னவென்றால் நம் ஊரில் பாடலாசிரியர் வந்ததும் தத்தகாரம் விடைபெறும். இங்கே மேலானது எதுவும் கிடைக்காததால் அதுவே தங்கிவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டாத படிமங்கள், ஒரு பெண்ணின் தோற்றத்தைச் சுற்றி வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பல்லவியின் உச்சத்திலோ பொருளுள்ள சொல்லே கிடையாது. வெறும் ‘ந ந ந’ அசைகள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இதை எழுதியிருந்தால் கூச்சப்பட்டுத் திருத்தியிருப்பார் என்பது என் ஊகம்.

சொல் இப்படி இரண்டாம் இடத்துக்குப் போனது தற்செயல் அல்ல என்பதற்கு ராக்ஸெட்டின் வரலாறே சான்று. 1986இல் வந்த முதல் பாடல் ‘நெவர்எண்டிங் லவ்’, ‘ஸ்வார்த்தா க்லாஸ்’ என்ற ஸ்வீடிஷ் பாடலாக வேறொரு பாடகிக்காக எழுதப்பட்டது. அது அவரிடம் எடுபடாமல் போக, இஎம்ஐ ஸ்வீடனின் தலைவர் யோசனைப்படி ஆங்கிலச் சொற்கள் ஏற்றப்பட்டன. 1987இல் கிறிஸ்துமஸ் பாடலாக வந்த ‘இட் மஸ்ட் ஹாவ் பீன் லவ்’, கிறிஸ்துமஸ் குறிப்பு நீங்கி, 1990இல் ‘ப்ரிட்டி உமன்’ படத்தின் பாடலாகி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கெஸ்லேயின் பட்டறையில் சொல் என்பது கழற்றி மாட்டக்கூடிய உறுப்பு.

அப்படியானால் இது சிந்த்-பாப்தானா? வகைப் பெயர்களில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை என்றாலும் கேள்வி நியாயமானது. பிரிட்டிஷ் சிந்த்-பாப் தன் இயந்திரத்தன்மையைக் கொடியாகப் பிடித்தது. ‘தி லுக்’ அதை ஒளித்துவைக்கிறது. ஆண்டெர்ஸ் ஹெர்லின் நிரல்படுத்திய தாளத்துக்கு முன்னால் யோனாஸ் இசாக்சனின் கிதாரைத் தயாரிப்பாளர் கிளாரன்ஸ் ஓஃப்வெர்மான் நிறுத்தினார். கேட்பவருக்கு அது ராக் குழுவாகவே படும். டெக்சஸ் மாநிலத்து ஸீஸீ டாப் குழு 1983இல் ‘எலிமினேட்டர்’ தொகுப்பில் இதே கலவையைச் செய்து அமெரிக்கக் காதுகளைப் பழக்கியிருந்தது. மறுபுறம், ஸ்வீடனின் யூரோப் குழுவின் ‘தி ஃபைனல் கவுண்ட்டவுன்’ விசைப்பலகை முழக்கத்தை முகப்பிலேயே வைத்தது. ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்தாலும் அமெரிக்காவில் அது எட்டாம் இடத்தோடு நின்றது.

ஸ்வீடனின் நகராட்சி இசைப் பள்ளிகள்தான் இத்தகைய வெற்றிகளுக்கு வேர் என்பது பரவலான விளக்கம். அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பாடலுக்கும் பொருந்தும் காரணம், மினியாபொலிசில் பிரெட்ரிக்சனின் குரலை முன்வைத்த ‘டிரெஸ்டு ஃபார் சக்சஸ்’ முந்தாமல் இந்தப் பாட்டு முந்தியது ஏன் என்று சொல்லாது.

என் வாதத்துக்கும் எல்லை உண்டு. அதே தொகுப்பின் ‘லிசன் டு யுவர் ஹார்ட்’ 1989 நவம்பரில் அமெரிக்க முதலிடத்துக்குப் போனது. அது நிதானமான காதல் சோகப் பாட்டு. சொற்கள் பொருளோடு நிற்கின்றன. பிரெட்ரிக்சனின் குரல்தான் அதில் எல்லாம். சீக்வென்சரையும் தத்தகாரத்தையும் வைத்து அதை விளக்க முடியாது. அமெரிக்க இஎம்ஐ அதற்கு ஏழங்குலத் தட்டே போடாமல் கேசட்டாக விற்றது. அப்படி முதலிடம் பிடித்த முதல் பாடலும் அதுதான். ஆறு மாதத்துக்கு முன் வானொலி நிலையங்கள் கைமாற்றிக்கொண்ட நாடாவை இம்முறை நிறுவனமே விலைபோட்டு விற்றது.