பண்டிதை ரமாபாயின் பஞ்ச நினைவுகள்

மும்பையில் குடியேறிய தமிழர் சென்னைக்குப் புறப்பட்டால், புணேயைக் கடந்து தௌண்டு சந்திப்பை அடையுமுன் கேட்காவ் என்னும் சிறிய நிலையத்தைத் தாண்டுகின்றனர். அதே இருப்புப்பாதையில் பின்னர் ராய்ச்சூர் வருகிறது; அதற்கும் அப்பால், திருப்பதி யாத்திரிகர் பலர் இறங்கும் ரேணிகுண்டா வருகிறது. கேட்காவ், ராய்ச்சூர், திருப்பதி ஆகிய மூன்றும் பண்டிதை ரமாபாய் அம்மையாரின் வாழ்வோடு பிணைந்த இடங்கள்.

அவர் 1858-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, பெண்டிர்க்கு வடமொழி ஆகாது என்ற வழக்கத்தைப் பொருட்படுத்தாமல் தம் மனைவியாருக்கு அதனைக் கற்பித்தவர். அந்த அன்னையாரே மகளுக்கு ஆசிரியை ஆனார். குடும்பத்தார் தலந்தோறும் சென்று புராணம் படித்து, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்தனர். தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன கொடுமையைக் கண்ட 1870-களில், அவர்களது நகையும் பாத்திரமும் விற்றுத் தீர்ந்தன. சாத்திரம் கற்ற குலத்தார் கூலிவேலை செய்தல் இழுக்கு என்னும் எண்ணம் கையைக் கட்டிவிட்டது. திருப்பதியை அடுத்த காட்டில் தண்ணீரும் இலையும் உண்டு பல நாள் கழித்தனர். தந்தையார் அந்தப் பக்கத்திலேயே உயிர் நீத்தார், அன்னையார் ராய்ச்சூரில் மறைந்தார், தமக்கையாரும் பிழைக்கவில்லை.

எஞ்சியவர் ரமாபாயும் தமையனாரும். இருவரும் வடக்கே கால்நடையாகச் சென்றனர். ஜீலம் ஆற்றங்கரையில் குளிர் தாங்காமல், மணலில் சவக்குழி போன்ற இரு பள்ளங்கள் தோண்டி, தலை மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடந்ததாக அம்மையாரே எழுதியிருக்கிறார். 1878-இல் கல்கத்தாப் புலவர்கள் அவருடைய புலமையை வியந்து ‘பண்டிதை’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டம் அளித்தனர். 1880-இல் தமையனாரும், 1882-இல் கணவரும் இறந்தனர். மடியில் மனோரமா என்ற பெண்குழந்தை இருந்தது.

மருத்துவம் கற்க விரும்பி 1883-இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்தமையால் அது கைகூடவில்லை. அங்கே, நெறி தவறியவர் என்று உலகம் தள்ளிய பெண்களைக் கிறிஸ்தவ சகோதரிகள் பரிவுடன் பேணுவதைக் கண்டு காரணம் வினவினார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணுடன் இயேசு உரையாடிய வரலாற்றை அவருக்குப் படித்துக் காட்டினர். அவ்வாண்டிலேயே அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

இதனைக் கட்சி மாறிய செய்தியாக மட்டும் கண்டு அன்று பலர் சீறினர்; பலர் கொண்டாடினர். இரு சாராரும் அவரைச் சரியாக அறிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘எனக்கு ஏன் இது நேர்ந்தது’ என்ற வினாவுக்குப் புதிய நெறி அவருக்கு விடை தந்ததோ இல்லையோ, பட்ட துன்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைக் காட்டிற்று.

1896-97-இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் பரவியது. புணேயில் விதவையர்க்கான சாரதா சதனத்தை நடத்திவந்த அம்மையார், பட்டினியால் வற்றிய சிறுமியரைத் தேடிப் புறப்பட்டார். அவர்களுடைய முகங்களை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘பஞ்ச அனுபவங்கள்’ என்று அவர் 1897-இல் எழுதிய சிறு நூல், திருப்பதிக் காட்டையும் ராய்ச்சூரையுமே நினைவுகூர்கிறது. சுமார் 300 பேரை அழைத்துவந்தார். புணேயிலோ அப்போது பிளேக் நோய். நகருக்குள் கூட்டம் சேர்க்கத் தடை. ஆகவே கேட்காவ் நிலத்தில் கொட்டகைகள் எழுந்தன. அதுவே முக்தி இல்லம். 1900-இல் குஜராத்தியப் பஞ்சத்தில் இன்னும் பலர் வந்து சேர்ந்தனர். கூலிவேலை இழுக்கு என்று கருதிய குடும்பத்தின் மகள், அங்கே பெண்களுக்கு நெசவும் தோட்டவேலையும் எண்ணெய் ஆட்டுதலும் அச்சுக் கோத்தலும் கற்பித்தார். பார்வையற்றோர்க்கு பிரெயில் எழுத்தும் கற்பிக்கச் செய்தார்.

துயரம் அத்துடன் விடவில்லை. தமக்குப் பின் இல்லத்தைத் தாங்குவார் என்றிருந்த மனோரமா 1921 ஜூலையில் மறைந்தார். செவி கேளாத முதுமையில் தாயார், எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் விவிலியத்தை எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியைத் தொடர்ந்து முடித்து, 1922 ஏப்ரல் 5 அன்று கண் மூடினார். முழு நூலும் 1924-இல் வெளிவந்தது. முக்தி இல்லம் இன்றும் கேட்காவில் இயங்கி வருகிறது.