முப்பது நாள் அவகாசம்

அணுகுண்டு தவிர அமெரிக்காவிடம் இருக்கும் எந்த ஆயுதத்தையும் ஈரான் வாங்கிக்கொள்ளலாம் என்று 1972 மே மாதம் டெஹ்ரானில் மன்னர் ஷாவுக்கு அமெரிக்க அதிபர் நிக்ஸன் கொடுத்த வாக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வாக்கை நம்பி 1974இல் 80 எஃப்-14 போர் விமானங்களுக்கு ஈரான் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்கக் கடற்படையே அப்போதுதான் ஓட்டத் தொடங்கியிருந்த விமானம் அது. இவ்வளவு பெரிய பேரத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதல் தேவைப்படவில்லை. முன்கூட்டித் தெரிவிக்க வேண்டிய கட்டாயம்கூட அதிபருக்கு இல்லை. மக்கள் பிரதிநிதிகள் பல விற்பனைகளைச் செய்தித்தாளில் படித்தே தெரிந்துகொண்டார்கள். இந்த நிலையை மாற்ற முனைந்தவர்கள் இருவர்: விஸ்கான்சின் மாநிலத்து செனட்டர் கேலார்ட் நெல்சன், நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்த ஜோனதன் பிங்கம். 1974 டிசம்பரில் அவர்கள் கொண்டுவந்த திருத்தம் சட்டமானது. 2.5 கோடி டாலரும் அதற்கு மேலும் போகும் எந்த ஆயுத விற்பனையையும் அதிபர் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 20 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் இரு அவைகளும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் விற்பனை நின்றுவிடும். 1976இல் வந்த ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த அவகாசத்தை 30 நாளாக்கியது. அதன் முதல் வடிவத்தை அதிபர் ஃபோர்டு மே மாதம் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் சில இடங்களில் விட்டுக்கொடுத்த பிறகு, ஜூன் கடைசி நாளில் கையெழுத்திட்டார்.

இந்தச் சட்டத்தின் மீது இன்றுவரை வைக்கப்படும் குறை ஒன்று உண்டு. மறுப்புத் தீர்மானம் நிறைவேறி, அதனாலேயே ஒரு விற்பனை நின்றுபோனதாக இந்த அரை நூற்றாண்டில் ஓர் உதாரணமும் இல்லை. அப்படியென்றால் இது வெறும் சடங்குதானே என்று கேட்பவர்கள் வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய நாட்களில் என்ன நடந்தது, வாக்கெடுப்பு முடிந்த பிறகு சட்டப் புத்தகத்தில் என்ன ஏறியது என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. தடுப்பதைவிட, காத்திருக்க வைப்பதும் நிபந்தனை எழுதுவதுமே காங்கிரஸின் கண்காணிப்புக்கு உண்மையான வலுவைக் கொடுத்தன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதல் சோதனை 1975இல் வந்தது. ஜோர்டானுக்கு 14 ஹாக் விமான எதிர்ப்பு ஏவுகணைத் தொகுதிகளை விற்க ஃபோர்டு அரசு முன்வந்தது. ஹாக் வண்டியில் ஏற்றி நகர்த்தக்கூடியது. தலைநகர் அம்மானைக் காக்கவும் உதவும். இஸ்ரேலை நோக்கி முன்னேறும் படைக்குக் குடையாகக் கூடவே போகவும் உதவும். காங்கிரஸில் எதிர்ப்பு வலுத்ததும் ஃபோர்டு ஜூலையில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். சில வாரங்களில் அதே விற்பனை, அதே 14 தொகுதிகளுடன், ஒரு நிபந்தனையைச் சுமந்து மறுபடி வந்தது: ஏவுகணைகள் நிலையான தளங்களில் மட்டுமே நிறுவப்படும், நகராது. மன்னர் ஹுசேன் இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். சோவியத்திடம் போவேன் என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அமெரிக்க ஹாக்கையே வாங்கினார். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் ஆயுதத்தின் தன்மையே மாறிவிட்டது.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்டது 1981இல், சவுதி அரேபியாவுக்கான ஏவாக்ஸ் விவகாரத்தில். போயிங் 707 பயணிகள் விமானத்தின் உடல். அதன் முதுகில் இரண்டு கால்கள் மேல் நிற்கும் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு. பறக்கும்போது அந்தத் தட்டு பத்து விநாடிக்கு ஒருமுறை சுழலும். 300 கிலோமீட்டருக்கும் அப்பால் தாழப் பறக்கும் விமானத்தையும் கண்டுபிடிக்கும். உள்ளே திரைகளின் முன் அமர்ந்திருப்பவர்கள் போர் விமானங்களுக்கு எங்கே போக வேண்டும், யாரைத் தாக்க வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். இப்படி 5 விமானங்கள், சவுதியிடம் இருந்த எஃப்-15களுக்குக் கூடுதல் எரிபொருள் கலன்கள், 1,177 சைடுவைண்டர் ஏவுகணைகள், வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள் என எல்லாம் சேர்ந்து 850 கோடி டாலர். அதுவரை அமெரிக்கா இவ்வளவு பெரிய ஆயுத விற்பனையைச் செய்ததில்லை. எதிர்த்தவர்கள் கையில் இரண்டு ஆதாரங்கள் இருந்தன. ஒன்று, 1978இல் கார்ட்டர் அரசு சவுதிக்கு 60 எஃப்-15 விற்றபோது, பாதுகாப்பு அமைச்சர் ஹரால்டு பிரவுன் செனட்டுக்கு எழுதிய கடிதம். விமானத்தின் தாக்கும் எல்லையை நீட்டிக்கும் கூடுதல் கலன்களைத் தரமாட்டோம் என்று அதில் உறுதி கொடுத்திருந்தார். அந்த உறுதியை நம்பித்தான் சில செனட்டர்கள் அன்று ஆதரித்தார்கள். ஆட்சி மாறியது, மூன்றே ஆண்டில் உறுதி காற்றில் போனது.

இன்னோர் ஆதாரம் ஈரான். 1977இல் இதே ஏவாக்ஸ் விமானங்களில் 7 வாங்க ஷா விரும்பினார். 120 கோடி டாலர் விற்பனை. ரகசியத் தொழில்நுட்பம் சோவியத் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தை உறுப்பினர்கள் எழுப்ப, கார்ட்டர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுப் பாதுகாப்பு உறுதிமொழிகளோடு மறுபடி அனுப்பினார், அனுமதி கிடைத்தது. விமானம் போய்ச்சேரும் முன்பே 1979 புரட்சி வந்துவிட்டது. காங்கிரஸ் ஏற்படுத்திய தாமதம்தான் ஏவாக்ஸைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகை. எப்படியும் அவை தயாராகச் சில ஆண்டுகள் பிடித்திருக்கும். ஆனால் யாரும் எதுவும் கேட்காமல் விற்ற எஃப்-14களில் 79 ஈரானை அடைந்துவிட்டன, புரட்சித் தலைவர் கொமேனியின் அரசு நடத்திய விமானப்படையிலேயே அவை பறந்தன. இன்றைய நண்பனின் நாட்டில் நாளை யார் ஆட்சியில் இருப்பார் என்ற கேள்வி 1981 செனட்டில் கற்பனைக் கேள்வியாக இல்லை. அக்டோபர் 6ஆம் தேதி எகிப்து அதிபர் சதாத் அணிவகுப்பு மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதும் அதன் கூர்மை இன்னும் ஏறியது.

அக்டோபர் 14 அன்று பிரதிநிதிகள் சபை 301க்கு 111 என்ற கணக்கில் விற்பனையை மறுத்தது. மறுநாள் செனட்டின் வெளியுறவுக் குழுவும் 9க்கு 8 என்று மறுத்தது. ஓரிகன் செனட்டர் பாப் பேக்வுட்டின் மறுப்புத் தீர்மானத்தில் 50 செனட்டர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பேக்வுட் அதிபர் ரேகனின் சொந்தக் கட்சிக்காரர். ரேகன் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். அயோவாவின் ரோஜர் ஜெப்சன் எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்கு மாறினார். மெய்ன் மாநிலத்தின் வில்லியம் கோஹனும் மாறினார். வாக்கெடுப்பு நாளான அக்டோபர் 28 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹோவர்டு பேக்கருக்கு ரேகன் ஒரு கடிதம் அனுப்பினார். ஏவாக்ஸ் திரட்டும் தகவல் அமெரிக்காவோடு பகிரப்படும், அமெரிக்க ஒப்புதல் இல்லாமல் சவுதி எல்லைக்கு வெளியே பறக்காது, வேறு நாட்டவர் அதில் பணிபுரிய மாட்டார்கள், கருவிகளுக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளை அமெரிக்கா சரிபார்க்கும் என்று நிபந்தனைகள் அதில் வரிசையாக இருந்தன. தீர்மானம் 52க்கு 48 என்று தோற்றது. அன்றைய தலைப்புச் செய்தி ரேகனின் வெற்றிதான். அந்தக் கடிதத்தின் வரலாறு அப்போதுதான் தொடங்கியது.

அந்த வரலாற்றின் நடுவே, ஆயுதத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு குறுக்கிட்டது. கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஜகதீஷ் ராய் சத்தா. பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் படிக்க வந்தவர். விசா முடிந்ததும் வெளியேற்ற முயன்றார்கள்; குடியேற்ற நீதிபதி இரக்கம் காட்டித் தங்க அனுமதித்தார்; பிரதிநிதிகள் சபை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அந்த அனுமதியை ரத்து செய்தது. அதிபரின் கையெழுத்துக்குப் போகாத தீர்மானத்துக்குச் சட்டத்தின் வலு கிடையாது என்று 1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது. சத்தாவுக்கு நீதி கிடைத்தது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அதே தர்க்கம் ஆயுதச் சட்டத்தின் வேரையும் வெட்டியது. 1986 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள்: இனி மறுப்புத் தீர்மானமும் அதிபரின் கையெழுத்துக்குப் போகும். தன் விற்பனையை மறுக்கும் தீர்மானத்தில் எந்த அதிபர் கையெழுத்திடுவார்? அவர் வீட்டோ செய்தால் அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். விற்பதற்குப் பெரும்பான்மை தேவை என்ற நிலை போய், ஒரே ஓர் அவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருந்தாலே விற்றுவிடலாம் என்றானது. சில மாதங்களில் அது கண்கூடாகத் தெரிந்தது. சவுதிக்கு 35.4 கோடி டாலர் ஏவுகணைகள் விற்பதை 1986 மே மாதம் செனட் 73க்கு 22 என்றும், பிரதிநிதிகள் சபை 356க்கு 62 என்றும் நிராகரித்தன. ரேகன் வீட்டோ செய்தார். ஜூன் 5 அன்று செனட்டில் 66 பேர் அந்த வீட்டோவுக்கு எதிராக நின்றார்கள். தேவை 67. ஒரே வாக்கில் விற்பனை பிழைத்தது. பிழைக்க வைப்பதற்காக ரேகன் அதிலிருந்து தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணைகளை எடுத்துவிட வேண்டியிருந்தது, மதிப்பு 26.5 கோடி டாலராக இறங்கியது. பயங்கரவாதிகள் கைக்குப் போனால் பயணிகள் விமானத்தையே வீழ்த்தக்கூடியது என்று உறுப்பினர்கள் அதிகம் அஞ்சியது அந்த ஸ்டிங்கரைக் கண்டுதான்.

பல் பிடுங்கப்பட்ட காங்கிரஸ் வேறு கருவியைத் தேடிக்கொண்டது. 1985 ஆகஸ்டில் வந்த சர்வதேசப் பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி ஒத்துழைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு, பேக்கருக்கு ரேகன் எழுதிய கடிதத்தின் உறுதிமொழிகளையே எடுத்துக்கொண்டது. அவை நிறைவேறியுள்ளன என்று அதிபர் எழுத்தில் சான்றளித்தால் மட்டுமே முதல் ஏவாக்ஸ் கைமாறும் என்றது. பிரவுனின் கடிதம் காற்றில் போனதற்கு இது பதில். 1986 ஜூனில் ரேகன் சான்றளித்த பிறகே விமானங்கள் போயின. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, பிரஸ்லர் திருத்தம். பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அதிபர் ஆண்டுதோறும் சான்றளித்தால்தான் அந்நாட்டுக்கு ஆயுதம். இதை ஒரு நாடகம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தவரை ரேகனும், அது வெளியேறிய 1989இல் புஷ்ஷும் சான்றளித்தார்கள். பாகிஸ்தானின் அணு ஆய்வுக்கூடம் இருந்த கஹுட்டாவில் என்ன நடக்கிறது என்று அவர்களின் உளவுத்துறைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு, 1990 அக்டோபரில், சான்று வரவில்லை. புதிதாக விவாதமோ வாக்கெடுப்போ எதுவும் தேவைப்படவில்லை. ஐந்து ஆண்டு காத்துக்கிடந்த சட்டம் தானாகவே வேலை செய்தது. பாகிஸ்தான் பணம் கட்டிய 28 எஃப்-16 விமானங்கள் ஒப்படைக்கப்படாமல் அரிசோனா பாலைவனத்தில் நின்றன. எந்த மறுப்புத் தீர்மானமும் சாதிக்காததை ஒரு நிபந்தனைப் பிரிவு சாதித்தது.

நாம் விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான் என்ற வாதத்தை இங்கே தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்க காங்கிரஸ் தயங்கிய அதே 1985இல் சவுதி அரேபியா பிரிட்டனிடம் போய், அல் யமாமா ஒப்பந்தத்தில் 72 டொர்னாடோ விமானங்களை வாங்கியது. 1988இல் சீனாவின் நெடுந்தூர ஏவுகணைகள் சவுதி மண்ணில் இருப்பது தெரியவந்தது. இரண்டும் உண்மை. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டி வாக்களிக்கும் உரிமை இல்லாததால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அல் யமாமாவைப் பற்றிப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 1992இல் முடித்த அறிக்கை இன்றுவரை வெளியிடப்படவில்லை. லஞ்சம் பற்றிய விசாரணை 2006 டிசம்பரில் தேசப் பாதுகாப்பின் பெயரால் நிறுத்தப்பட்டது. விற்பனை கைநழுவுவது ஒரு நஷ்டம். யாருக்கு, என்ன விலைக்கு, எந்த நிபந்தனையில் விற்றோம் என்பது சொந்த மக்களுக்கே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். காங்கிரஸ் உறுப்பினர்கள் செல்வாக்குக் குழுக்களின் பிடியில் இருக்கிறார்கள் என்று இன்னொரு மறுப்பும் உண்டு. 1981இல் இஸ்ரேல் ஆதரவாளர்களும் சவுதி ஆதரவாளர்களும், வர்த்தக நிறுவனங்களும் செனட்டர்களை நெருக்கியது ஊரறிந்த விஷயம். அதே நெருக்கடி வெள்ளை மாளிகைக்கும் உண்டு. வேறுபாடு, செனட்டில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயரோடு பதிவாகிறது, அடுத்த தேர்தலில் வாக்காளர் அதைக் கேட்க முடிகிறது. ஏவாக்ஸ் இஸ்ரேலுக்கு எதிராகப் பயன்படவே இல்லையே என்ற மூன்றாவது மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். எதிர்த்தவர்கள் சொன்ன அழிவு வரவில்லை. ஆனால் நிபந்தனைகளோடு போன விமானத்தின் நடத்தையை வைத்து, நிபந்தனையே தேவையில்லை என்று வாதிட முடியாது.

இந்த முறைக்கு உண்மையான ஆபத்து, ஆகவே, தோற்கும் வாக்கெடுப்பிலிருந்து வரவில்லை. சட்டத்தில் ஒரு வாசல் உண்டு: தேசப் பாதுகாப்புக்கு அவசரநிலை என்று அதிபர் விரிவான காரணத்தோடு சான்றளித்தால் 30 நாள் காத்திருப்பு தேவையில்லை. 1979இல் ஏமனில் சண்டை மூண்டபோது கார்ட்டரும், 1984இல் பாரசீக வளைகுடாவில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ரேகனும், 1990இல் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தபோது புஷ்ஷும் அதைப் பயன்படுத்தினார்கள். 2019 மே 24 அன்று வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பேயோ, ஈரான் அச்சுறுத்தலைக் காட்டி, சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்டான் ஆகியவற்றுக்கான 22 விற்பனைகளை ஒரே நாளில் இந்த வாசல் வழியே அனுப்பினார். மதிப்பு 800 கோடி டாலருக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏமனின் தஹ்யானில் சவுதி கூட்டணி போட்ட குண்டு ஒரு பேருந்தில் 40 குழந்தைகளைக் கொன்றிருந்தது. அது அமெரிக்காவில் செய்த குண்டு. வழிகாட்டப்படும் குண்டுகளின் விற்பனையை செனட் வெளியுறவுக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேள்விகள் கேட்டு நிறுத்தி வைத்திருந்தார். அவசரநிலை அறிவிப்பு அந்தக் கேள்விகளைத் தாண்டிச் சென்றது. காங்கிரஸ் மூன்று மறுப்புத் தீர்மானங்களை நிறைவேற்றியது; மூன்றையும் ஜூலை 24 அன்று அதிபர் டிரம்ப் வீட்டோ செய்தார்; செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. குடிமக்கள் உயிரிழக்கும் ஆபத்தை வெளியுறவுத் துறை முழுமையாக மதிப்பிடவில்லை என்று அத்துறையின் சொந்தத் தலைமை ஆய்வாளரே அடுத்த ஆண்டு எழுதினார். கட்சி மாறியும் வாசல் மூடவில்லை. 2023 டிசம்பரில் பைடன் அரசு இஸ்ரேலுக்குச் சுமார் 14,000 டாங்கிக் குண்டுகளை, 10.65 கோடி டாலர் மதிப்பில், அதே பிரிவின்கீழ் அனுப்பியது.

அவசரம் என்பது நேரத்தைப் பற்றிய சொல்லானால் அதை நேரத்தால் அளக்கலாம். அவசரநிலைப் பிரிவில் அனுப்பப்படும் ஆயுதம் இத்தனை நாளுக்குள் வாங்குபவரின் கைக்குப் போக வேண்டும், போகாவிட்டால் விற்பனை வழக்கமான 30 நாள் பாதைக்கே திரும்ப வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். உண்மையான போர்க்காலத்தில் எந்த அதிபருக்கும் அது தடையாக இருக்காது. மக்கள் பிரதிநிதிகளுக்கு அந்த 30 நாளும் கிடையாத பிரிட்டனில், வெளிவராத தணிக்கை அறிக்கையைத் தேடிப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)