திறக்காமலே பார்த்த இதயம்

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை குழி போட்டுப் பார்த்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. கல்லைக் கல்லால் தட்டி, பிசகினால் வீசிவிட்டு, அடுத்த கல்லை எடுத்தவர்கள் விட்டுப்போனவை. இன்று ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்ற வாகன ஆய்வு மையம் இருக்கிறது. புதுக் காரைத் தடுப்பில் மோதவிட்டு, எது நசுங்குகிறது, எது தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். கற்காலம் தொடங்கி சிப்காட் காலம்வரை, ஒரு பொருளின் குணத்தை அறிய மனிதனுக்குப் பழகிய வழி அதை உடைத்துப் பார்ப்பதுதான்.

இதயத்திடம் அது செல்லாது. ஆளுக்கு ஒன்றுதான், ஸ்பேர் கிடையாது. ஓடும்போது திறந்தால் ஓட்டம் மாறிவிடும். நின்றபின் திறந்தால், பார்க்க வந்த ஓட்டமே அங்கே இருக்காது. ரத்தம் இதயத்துக்குள் எப்படிச் சுழல்கிறது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் இந்த முட்டுக்கட்டையில்தான் பிறந்தது. முதலில் பிறந்தது வால்வு கெட்டவர்களுக்காக. துடிப்பு தப்பியவர்களிடம் அது வந்து சேர நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஆசை பழையது. 1513 வாக்கில் லியோனார்டோ டா வின்சி, மாட்டின் இதயத்தில் மெழுகு வார்த்து, அந்த அச்சில் கண்ணாடிக் குழாய் செய்து, புல்விதை கலந்த நீரை ஓட்டிப் பார்க்கும் வழியைக் குறித்து வைத்தார். மகாதமனியின் வால்வுக்குப் பின்னால் ரத்தம் சுழி போடுகிறது, அந்தச் சுழிதான் வால்வை மூடத் துணை செய்கிறது என்று படமும் போட்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்து அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது 1968-இல்! நடுவில் 1775-இல் கணித மேதை ஆய்லர் ரத்த ஓட்டத்துக்குச் சமன்பாடு எழுதினார். சமன்பாடு இருந்தது, அதைப் போட்டு முடிக்கும் கைதான் இல்லை.

அவசரம் வந்தது 1960-க்குப் பிறகு. அந்த ஆண்டில் ஸ்டார்-எட்வர்ட்ஸ் பந்து வால்வு மனித இதயத்துக்குள் போனது. நோயாளிகள் பிழைத்தார்கள், ஆனால் செயற்கை வால்வைச் சுற்றி ரத்தம் தேங்கும் இடங்களில் கட்டி சேரும் ஆபத்து கூடவே வந்தது. எங்கே தேங்குகிறது? இந்தக் கேள்விக்குக் கத்தியால் பதில் சொல்ல முடியாது.

நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த சார்லஸ் பெஸ்கின் என்ற இளைஞர் 1972-இல் ஒரு வழி சொன்னார். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் இது. கணினியில் நீரோட்டம் கணக்கிட, இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். நம் ஊர்த் தொழிற்சாலைப் பொறியாளர் 'மெஷ்' போடுவது என்பாரே, அதுதான். கார் பானெட் மாதிரி அசையாத உருவம் என்றால் அதன் மேனியை ஒட்டியே மெஷ் போட்டுவிடலாம். வால்வின் இதழ் அப்படி இல்லை. காகிதம்போல மெலிசு, நொடிக்கு நொடி இடம் மாறும். இதழ் எங்கே போகும் என்பதை ரத்தம் தீர்மானிக்கிறது. ரத்தம் எங்கே போகும் என்பதை இதழ் தீர்மானிக்கிறது. ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைக் கணக்கிட முடியாது. ஒவ்வொரு அசைவுக்கும் மெஷ்ஷை அழித்து அழித்துப் போட்டால் அன்றைய கணினி தாங்காது.

பெஸ்கின் செய்தது, வாசலில் சிக்குக்கோலம் போடத் தெரிந்த யாருக்கும் புரியும். புள்ளிகளை வைத்துவிட்டால் அவை நகராது. கம்பிதான் அவற்றுக்கு நடுவே வளைந்து போகும். அவரும் சதுரக் கட்டங்களை அசையாமல் வைத்துவிட்டார். இதழை அதன்மேல் மிதக்கும் புள்ளிச் சரமாக விட்டார். அந்தச் சரம் இழுபடும்போது எவ்வளவு விசை தரும் என்று கணக்கிட்டு, அந்த விசையைப் பக்கத்துக் கட்டங்களுக்குப் பங்கு போட்டார். கணினியைப் பொறுத்தவரை அங்கே இதழ் என்று ஒரு பொருளே இல்லை. ரத்தமும், அதைத் தள்ளும் விசையும் மட்டும்தான். விசைக்கு ஏற்ப ஓட்டம் கணக்காகும். அந்த ஓட்டம் சரத்தை அடுத்த இடத்துக்கு இழுத்துச் செல்லும். மறுபடி விசை, மறுபடி ஓட்டம். தசையையும் ரத்தத்தையும் பிரித்து வைக்காமல் ஒரே கணக்கில் ஓட்டியது இந்த முறை. பிறகு மீன் நீந்துவது, பூச்சி பறப்பது, காதுக்குள் திரவம் அதிர்வது எல்லாம் இதே வழியில் கணக்கிடப்பட்டன.

இப்படிப் பிறந்த முறைக்குக் குறையும் இருந்தது. முதல் இதயம் தட்டையானது, இரு பரிமாணம்தான். ஓடிய ரத்தமும் நிஜத்தைவிடக் கெட்டி. மெல்லிய திரவத்தின் சுழிகளை அன்றைய கட்டங்கள் பிடிக்க முடியவில்லை. முப்பரிமாண இதயத்துக்காக பெஸ்கினும் கூட்டாளி டேவிட் மக்வீனும் கிரே சூப்பர் கம்ப்யூட்டர்வரை போனார்கள். அதற்கு முன்பே, 1983-இல், வட்டத்தட்டு சாய்ந்து இருபக்கமும் வழிவிடும் சாய்தட்டு வால்வை இருவரும் கணினியிலேயே மாற்றி மாற்றி வடிவமைத்தார்கள். தட்டை லேசாக வளைத்தால், அதன் சின்ன வாய்ப்பக்கம் ரத்தம் தேங்குவது குறையும் என்று கண்டார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில், எம்.எஸ்.வலியத்தான் தலைமையில், அதே வகைச் சாய்தட்டு வால்வு உருவாகிக்கொண்டிருந்தது. அங்கே உடைந்ததெல்லாம் நிஜப் பொருள்கள். மூன்று வடிவங்கள் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல் தட்டே விலங்குச் சோதனையில் உடைந்தது. நான்காவதாகப் பாலிஎத்திலீன் தட்டு வைத்தது நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்று சித்ரா வால்வு ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. உடைத்துப் பார்ப்பதைக் கணினி ஒழித்துவிடவில்லை. எதை உடைக்க வேண்டியதில்லை என்று முன்கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

துடிப்பின் கதை தனி வழியில் வந்தது. இதயத்தை இயக்குவது மின்சாரம். 1960-இல் லண்டனில் டெனிஸ் நோபிள், பல்கலைக்கழகக் கணினி ஓய்ந்திருக்கும் பின்னிரவு 2 மணியிலிருந்து 4 மணிவரை நேரம் வாங்கி, ஒரே ஒரு இதயச் செல்லின் மின் துடிப்பைக் கணக்கிட்டுக் காட்டினார். 2001-இல் சிதாப்ர சின்ஹா, அஸ்வின் பாண்டே, ராகுல் பண்டிட் மூவரும், கீழறையில் மின்னலைகள் சுருள் சுருளாகச் சிதறும் உயிர்கொல்லித் துடிப்பைக் கணினியில் உண்டாக்கினார்கள். மின்முனைகளை வலைபோல வைத்துத் திசுவைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, குறைந்த மின்துடிப்பிலேயே அதை அடக்கலாம் என்றார்கள். பாத்தி சின்னதாக இருந்தால் சுருள் அதில் தங்காது என்பதுதான் சூட்சுமம். சின்ஹா பிறகு சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார்.

மின்சாரமும் ஓட்டமும் சந்திக்கும் நோய் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதில் மேலறைகளின் மின்னோட்டம் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேல் தாறுமாறாகத் தாவும். சுவர் சுருங்காது; நடுங்கும். இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை தொங்குகிறது. வால்வு நோய் இல்லாதவர்களிடம் மேலறையில் சேரும் ரத்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது அந்தப் பையில்தான் உருவாகின்றன. அங்கிருந்து ஒன்று நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோயாளிக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைப்போல ஐந்து மடங்கு.

யாருக்கு ரத்தம் உறையாத மாத்திரை தருவது? இன்றுவரை மருத்துவர் மதிப்பெண் போடுகிறார்: 75 வயது ஆனால் 2, சர்க்கரைக்கு 1, ரத்தக் கொதிப்புக்கு 1, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. கணக்கில் ஆள் இருக்கிறார். அவருடைய இதயத்துக்குள் ரத்தம் ஓடும் விதம் இல்லை. 2012-இல் 932 நோயாளிகளின் படங்களைப் பார்த்த ஆய்வு ஒன்று அந்தப் பையை நான்கு வடிவமாகப் பிரித்தது: கோழி இறக்கை, கள்ளி, காற்றுப்பை, காலிஃபிளவர். கோழி இறக்கை வடிவம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் குறைவு. ஒரே மதிப்பெண் உள்ள இருவரில் ஒருவருக்குள் கள்ளியும் மற்றவருக்குள் கோழி இறக்கையும் இருக்கலாம்.

இங்கேதான் ஓட்டக் கணக்கு கைகொடுக்கிறது. 2015, 2016 ஆண்டுகளில் ஜப்பான், அமெரிக்க ஆய்வாளர்கள் இடது மேலறையையே எடுத்துக்கொண்டார்கள். சி.டி. படத்திலிருந்து ஒரு நோயாளியின் மேலறையை அப்படியே கணினிக்குள் ஏற்றலாம். சுவரைச் சுருங்க வைத்தும் நடுங்க வைத்தும் ஓட்டலாம். பைக்குள் போன ரத்தம் எத்தனை துடிப்புக்குப் பிறகு வெளியே வருகிறது என்று எண்ணலாம். உயிருள்ள இதயத்தில் செய்யவே முடியாத சோதனை.

இது இன்னும் ஓ.பி. அறைக்கு வரவில்லை. சுவர் எப்படி நடுங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. கட்டி உறைவது வெறும் தேக்கத்தால் மட்டுமல்ல, ரத்தத்தின் வேதியியலாலும்தான். மாத்திரை வேண்டுமா என்பதை இன்றும் மதிப்பெண்ணும் மருத்துவரும்தான் முடிவு செய்கிறார்கள். ஒரகடத்தில் சிப்காட் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்கிறது. காருக்கு மெஷ் போட்டுப் பழகிய கைகள் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. இதயத்துக்கும் மெஷ் போட இந்த மண்ணில் ஆள் பஞ்சம் இல்லை.

அதுவரை செலவில்லாத ஒரு சோதனை உண்டு. வீட்டில் 65 வயது தாண்டியவர் இருந்தால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். தாளம் தப்பித் தப்பி வந்தால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.