எல்.எம்.பி. மருத்துவர்களின் மறைவும் இந்திய மருத்துவர்களின் புலப்பெயர்வும் (1930 – 1975)

ஆய்வுச் சுருக்கம்

இந்திய மருத்துவர்கள் பிரிட்டனுக்குப் புலம்பெயர்ந்ததற்கு ஊதியம், வசதி, பதவி உயர்வு ஆகியவை காரணங்களாகப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. இக்கட்டுரை அப்புலப்பெயர்வை மருத்துவக் கல்வித் தகுதியின் வரலாற்றோடு இணைத்து நோக்குகிறது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற எல்.எம்.பி. மருத்துவர் என்னும் பிரிவு நீக்கப்பட்டு, எம்.பி.பி.எஸ். பட்டம் ஒன்றே மருத்துவத் தகுதியாக்கப்பட்ட காலமும், பிரிட்டனின் பொது மருத்துவத்துறை அயல்நாட்டு மருத்துவர்களை நாடிய காலமும் ஒன்றையொன்று அடுத்து அமைந்தன. இதனால் இந்தியக் கிராமப்புற மருத்துவம் இழந்தது எத்தகையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவர் புலப்பெயர்வு, எல்.எம்.பி., மருத்துவக் கல்வி, ஜோசப் போர் குழு, ஆரம்ப சுகாதார நிலையம்.

முன்னுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 1979இல் வெளியிட்ட ஆய்வு, தம் நாட்டுக்கு வெளியே பணியாற்றிய மருத்துவர்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 1,40,000 எனக் கணக்கிட்டது. அவ்வாறு மருத்துவர்களை அனுப்பிய நாடுகளுள் இந்தியா முன்னிடம் வகித்தது. இப்பெயர்வு 'மூளை வடிதல்' என்னும் தொடரால் சுட்டப்பட்டு வருகிறது. நீர் வடிவது போல மருத்துவர்களும் இயல்பாக வெளியேறினர் என்ற எண்ணத்தை இத்தொடர் தருகிறது. ஆயின், ஒரு நாட்டில் பெற்ற மருத்துவத் தகுதி இன்னொரு நாட்டில் செல்லுபடியாக வேண்டுமெனில், அதற்குச் சட்டமும் பாடத்திட்டமும் பதிவேடும் துணை நிற்க வேண்டும். அத்துணை எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு எழும் வினா.

இருவகை மருத்துவர்கள்

காலனிய இந்தியாவில் மேலை மருத்துவம் பயின்றோர் இருவகையினர். மருத்துவக் கல்லூரிகளில் பயின்று பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் ஒருவகையினர். மெட்ரிகுலேஷன் தேறி, மருத்துவப் பள்ளிகளில் பொதுவாக நான்காண்டுகள் பயின்று உரிமச் சான்று பெற்றோர் மற்றொரு வகையினர். பின்னவரே எல்.எம்.பி. மருத்துவர் எனப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1877இல் தொடங்கப்பட்ட இராயபுரம் மருத்துவப் பள்ளியும், ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் இவ்வகை மருத்துவர்களை உருவாக்கின.

எண்ணிக்கையில் எல்.எம்.பி. மருத்துவர்களே மிகுதி. ஜோசப் போர் குழு 1946இல் அளித்த அறிக்கையின்படி பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களுள் 30,000 பேருக்கு அணுக்கமானோர் மருத்துவப் பள்ளிகளில் பயின்றோராவர். 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்றிருந்த நிலையில், பட்டம் பெற்றோரை மட்டும் கணக்கிட்டால் விகிதம் இன்னும் பன்மடங்கு தாழும்.

1930ஆம் ஆண்டின் நெருக்கடி

பிரிட்டனின் 1886ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம், பேரரசின் பிற பகுதிகளில் பெற்ற பட்டங்களையும் அந்நாட்டுப் பதிவேட்டில் சேர்க்க வழிவகுத்தது. இந்தியப் பட்டங்களுக்கு அவ்வுரிமை கிட்டியது. எல்.எம்.பி. சான்று பெற்றோர் நேரடியாகப் பதிவு பெற இயலவில்லை. அங்குச் சென்று வேறு தேர்வெழுதித் தகுதி பெற வேண்டியிருந்தது. அதற்கான பொருள்வசதி சிலருக்கே வாய்த்தது.

மகப்பேறு மருத்துவப் பயிற்சி போதுமானதாக இல்லை என்பதை முதன்மைக் காரணமாகக் காட்டி எழுந்த நீண்ட பிணக்கின் முடிவில், பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் 1930இல் இந்தியப் பட்டங்களுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. இதன் எதிர்வினையாக 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. இழந்த ஏற்பை மீட்பதும், அதன்பொருட்டு இந்தியப் பட்டத்தின் தரத்தைப் பிரிட்டனின் தரத்தோடு ஒப்பவைப்பதும் அதன் நோக்கங்களுள் அடங்கும். அச்சட்டம் எல்.எம்.பி. மருத்துவர்களைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. நாட்டின் மருத்துவர்களுள் பெரும்பான்மையோரை விலக்கிவிட்டே தேசிய மருத்துவத் தரம் வரையறுக்கப்பட்டது.

எல்.எம்.பி. நீக்கம்

சென்னை மாகாணத்தில் மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. இராயபுரம் பள்ளி 1933இல் ஐந்தாண்டுப் படிப்புடன் ஸ்டான்லி மருத்துவப் பள்ளியாகவும், 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாகவும் உயர்ந்தது. பள்ளிகள் பல்கலைக்கழகத்தோடு இணைதல் வேண்டும் என்ற நெருக்கடியால் வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலையை எட்டி, 1942இல் பட்டப்படிப்பு நிறுவனமாக மாறிப் பிழைத்தது.

இப்போக்கை நாடு முழுமைக்கும் கொள்கையாக்கியது ஜோசப் போர் குழுவே. ஏ. இலட்சுமணசாமி முதலியார் உள்ளிட்டோர் இடம்பெற்ற அக்குழுவின் பெரும்பான்மையினர், ஐந்தரை ஆண்டுப் பயிற்சி பெற்ற 'அடிப்படை மருத்துவர்' என்னும் ஒரே வகையினரை மட்டும் உருவாக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். மருத்துவர் பற்றாக்குறை தீரும்வரை குறுகிய காலப் பயிற்சியும் தொடர வேண்டும் என உறுப்பினர் சிலர் மாற்றுக் கருத்துரைத்தனர். அது ஏற்கப்படவில்லை.

பெரும்பான்மையினரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நகரத்தார்க்குப் பட்டம் பெற்ற மருத்துவர், கிராமத்தார்க்கு அரைகுறைப் பயிற்சி பெற்ற மருத்துவர் என்னும் பாகுபாடு விடுதலை பெறவிருந்த நாட்டுக்குப் பொருந்தாது என்பது சமத்துவ நோக்கிலானது. எல்.எம்.பி. மருத்துவர்களும் தமக்குச் சமமதிப்பு வேண்டி நெடுங்காலம் போராடியவர்கள். அவர்கள் அனைவரும் கிராமங்களில் பணியாற்றினர் என்று கொள்வதும் பிழை. ஆயினும், சமத்துவத்தின் பெயரால் எடுத்த முடிவு ஒரு விளைவை முன்னறியவில்லை. இனி உருவாகும் ஒவ்வோர் இந்திய மருத்துவரும் கடல்கடந்து செல்லத்தக்க தகுதியுடனேயே வெளிவருவார் என்பதே அவ்விளைவு.

பிரிட்டனின் தேவை

பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணி 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. மருத்துவர் தேவை பெருகிக்கொண்டிருந்த நிலையில், வில்லிங்க் குழு 1957இல் மருத்துவ மாணவர் சேர்க்கையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. விளைந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களுள் இந்தியத் துணைக்கண்ட மருத்துவர்களே மிகுதி. 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் பொதுவான குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியபோதும், தனித்திறன் உடையோர்க்கான அனுமதிச் சீட்டு வழியே மருத்துவர்களுக்கு இடமளித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நலவாழ்வு அமைச்சராக இருந்த இனாக் பவல், 1968இல் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசி அறியப்பட்டவர் என்பது நோக்கத்தக்கது.

1971இல் இங்கிலாந்தில் இப்பணியிலிருந்த மருத்துவர்களுள் 31 விழுக்காட்டினர் அயல்நாட்டில் பிறந்து அங்கேயே பயின்றவர்கள். முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம், தொழிற்பகுதிகளின் பொது மருத்துவம் ஆகியவற்றில் அவர்கள் செறிந்திருந்தனர். உள்நாட்டு மருத்துவர்கள் விரும்பாத துறைகளும் இடங்களுமே அவர்களுக்கு வாய்த்தன. தெற்கு வேல்ஸ் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளின் ஏழைத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் இந்தியர் பலர். தாய்நாட்டின் சிற்றூர்களில் பணியாற்ற முன்வராதவர்கள் என்று குறைகூறப்பட்டவர்கள், அயல்நாட்டின் புறக்கணிக்கப்பட்ட ஊர்களில் பணியாற்றினர். கிராமப்புறப் பற்றாக்குறைக்கு மருத்துவரின் மனப்பான்மையை மட்டும் காரணமாக்குவது போதாது என்பதற்கு இது சான்று.

தாய்நாட்டில் விளைவு

இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதையொட்டி ஆரம்ப சுகாதார நிலையங்கள் உருவாயின. மருத்துவக் கல்லூரிகளும் பெருகின. தமிழகத்தில் மதுரையில் 1954இலும், செங்கல்பட்டு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் 1965இலும் கல்லூரிகள் தோன்றின. கட்டடமும் கல்லூரியும் பெருகிய அளவுக்குக் கிராமங்களில் மருத்துவர் பெருகவில்லை. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு 1960களின் தொடக்கத்தில், புதிய நிலையங்களைத் திறப்பதற்கு முன் இருப்பவற்றை வலுப்படுத்த வேண்டும் என வற்புறுத்தியது. எல்.எம்.பி. நீக்கத்தைப் பரிந்துரைத்த குழுவில் இருந்தவரே, அதன்பின் எழுந்த கிராம மருத்துவ அமைப்பின் குறைகளையும் பதிவுசெய்ய நேர்ந்தது.

வெளியேற்றத்தைத் தடைசெய்யும் வழியும் எளிதாக இல்லை. வெளிநாடு செல்லும் உரிமை தனிமனித விடுதலையின் கூறு என உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. இறுதியில் பிரிட்டனே கதவைச் சாத்தியது. பொது மருத்துவக் கவுன்சில் 1975இல் இந்தியப் பட்டங்களுக்கான முழு ஏற்பை மீண்டும் விலக்கி, மருத்துவ அறிவையும் மொழியறிவையும் சோதிக்கும் தேர்வைக் கொணர்ந்தது. அதற்குள் அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்திருந்தது.

அதே 1975இல் ஸ்ரீவஸ்தவ் குழு, மேலைநாட்டு முன்மாதிரியைப் பின்பற்றிய மருத்துவக் கல்வி இந்தியத் தேவைக்குப் பொருந்தவில்லை எனக் கூறி, மருத்துவருக்கும் மக்களுக்கும் இடையே இடைநிலைப் பணியாளர் அடுக்கு ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1946இல் தேவையற்றது எனக் கருதப்பட்ட இடைநிலை, முப்பதாண்டுகளுக்குள் வேறு பெயரில் தேவையாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மருத்துவப் பள்ளிகளும் அவற்றின் ஆசிரியர் மரபும் மறைந்திருந்தன.

முடிவுரை

மருத்துவர் புலப்பெயர்வால் இந்தியா இழந்தது எண்ணிக்கையால் மட்டும் அளவிடத்தக்கதன்று. பிரிட்டனின் ஏற்பை அளவுகோலாகக் கொண்டு வகுத்த கல்வி, பிரிட்டனுக்குப் பயன்படும் மருத்துவரை உருவாக்கியது. உள்ளூர்த் தேவைக்கெனத் தனித் தகுதியை வகுக்கும் வாய்ப்பு அதனால் அடைபட்டது. இவ்வினா இன்றும் முடிவுறவில்லை. கிராமப்புற மருத்துவத்துக்கென மூன்றாண்டுப் படிப்பை ஏற்படுத்திய அசாம் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் செல்லாது என அறிவித்தது.

எல்.எம்.பி. முறையை மீட்பதே தீர்வு என்று வரலாறு கூறவில்லை. தமிழ்நாடு வேறொரு வழியைக் காட்டியுள்ளது. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு அளிப்பதன் மூலம், ஆரம்ப சுகாதார நிலையப் பணியை உயர்கல்விக்கான படியாக அது ஆக்கியது. அத்தகைய ஒதுக்கீட்டை அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு உறுதிசெய்தது. லண்டன், எடின்பரோ தேர்வுகளில் தேடப்பட்ட உயர்வை உள்ளூர்ப் பணியோடு பிணைப்பது இம்முறையின் உட்பொருள். தகுதியை வரையறுக்கும் இடத்திலேயே மருத்துவர் எங்கு நிலைகொள்வார் என்பதும் பெருமளவு முடிவாகிறது. புலப்பெயர்வு குறித்த ஆய்வுகள் விமான நிலையத்திலிருந்து தொடங்காமல், பாடத்திட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிவாகும்.