லண்டனில் வாடகை வீடு: அறிவிப்பு அட்டை முதல் இணையம் வரை

வேலை தேடுவோரிடம் உழைப்பையும் திறமையையும் எதிர்பார்க்கும் ஒரு நாடு, வீடு தேடுவோரிடம் அவருக்காகப் பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறது. புதிதாக வந்தவருக்கு இதுவே பெருந்தடையாக இருந்துவந்ததை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லண்டனின் வாடகை வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்த கரீபியர்களுள் தங்க இடமில்லாதவர்கள், கிளாப்பம் சவுத்தில் போர்க்காலத்தில் நிலத்துக்கடியில் அமைக்கப்பட்ட பதுங்கறையில் தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் வேலை தேடிச் சென்ற அலுவலகம் அருகிலிருந்த பிரிக்ஸ்டனில் இருந்ததால், பலர் அங்கேயே குடியேறினர். அக்காலத்தில் வாடகை அறைகள் பெரும்பாலும் பத்திரிகைக் கடைகளின் கண்ணாடியில் ஒட்டப்படும் சிறு அட்டைகள் வழியாகவே தெரியவந்தன. அவற்றில் சில, கறுப்பினத்தவர் வரவேண்டாம் என்று வெளிப்படையாகவே கூறின. அவ்வாறு கூறாத வீடுகளிலும், கதவைத் திறந்து ஆளைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்று கைவிரிப்பது வழக்கமாக இருந்தது. வங்கிக் கடன் எளிதில் கிட்டாத நிலையில் கரீபியர்கள், தமிழ்நாட்டுச் சீட்டைப் போன்ற 'பார்ட்னர்' முறையில் பணம் திரட்டிப் பழைய வீடுகளை வாங்கி, தம் ஊராருக்கு அறைகளை வாடகைக்கு விட்டனர்.

1965-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் உணவகம் போன்ற பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுத்ததேயன்றி, பொதுவாக வீடு வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தவில்லை. 1967-இல் பி.இ.பி. என்னும் ஆய்வு நிறுவனம், ஓர் ஆங்கிலேயர், ஒரு ஹங்கேரியர், ஒரு மேற்கிந்தியர் ஆகியோரை ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து விண்ணப்பிக்கச் செய்து, வெள்ளையரான அயல்நாட்டவருக்குக் கிடைத்த வாய்ப்பு மேற்கிந்தியருக்குப் பலமுறை மறுக்கப்பட்டதை நிறுவியது. 1968-ஆம் ஆண்டின் சட்டம் வீட்டு வாடகையையும் அதற்கான விளம்பரங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. எனினும் உரிமையாளர் உடன் வசிக்கும் சிறு வீடுகளுக்கு விலக்கு அளித்தது.

1985-இல் தொடங்கிய 'லூட்' இதழ் தனிநபர்களின் விளம்பரங்களைக் கட்டணமின்றி வெளியிட்டது. 2000-இல், லண்டனுக்கு வரும் ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர், தென்னாப்பிரிக்கர் ஆகியோர் வீடும் வேலையும் தேடுவதற்காகவே 'கம்ட்ரீ' தளம் உருவாயிற்று. அதே ஆண்டில் வீட்டு முகவர் நிறுவனங்கள் 'ரைட்மூவ்' தளத்தைத் தொடங்கின. விமானம் ஏறுமுன்னரே வீட்டைப் படத்தில் பார்க்கும் வசதி வந்ததோடு, உரிமையாளரை ஐயுறவேண்டிய நிலை வாடகைதாரருக்கும் வந்தது. பிறர் விளம்பரத்திலுள்ள படங்களை எடுத்துக் குறைந்த வாடகையைக் குறிப்பிட்டு, தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் முன்பணம் செலுத்தினால் சாவி தபாலில் வரும் என்றும் நம்பவைக்கும் மோசடி, நேரில் சென்று பார்க்க இயலாதவர்களையே குறிவைக்கிறது.

சட்டம் தாமதமாகவே இம்மாற்றங்களைப் பின்தொடர்ந்தது. 2007 முதல் முன்வைப்புத் தொகையை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாயமாயிற்று. 2019-இல் இங்கிலாந்தில், பெரும்பாலான வாடகைகளுக்கு அத்தொகை ஐந்து வார வாடகையாக வரையறுக்கப்பட்டது. ஆனால் 2016 முதல் வாடகைதாரரின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கும் கடமை இங்கிலாந்து முழுவதும் உரிமையாளர் மேல் சுமத்தப்பட்டதால், தண்டத்துக்கு அஞ்சி பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவரையே அவர் விரும்பும் நிலை தோன்றியது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சரிபார்ப்புத் திட்டம் பாகுபாட்டுக்கு இடந்தருவதை ஏற்றுக்கொண்டும், அது சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது.

உள்நாட்டில் கடன் வரலாறோ பிணையாளரோ இல்லாத புதியவர், ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டி இடம்பிடிப்பது வழக்கமாயிற்று. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் முன்கூட்டிய வாடகையை ஒரு மாதத்துக்கு மட்டுப்படுத்துகிறது. பணம் குறைந்தவருக்கு இது காப்பாகும். பணத்தைக் கொண்டே பிணையின் குறையை ஈடுசெய்துவந்தவருக்கோ இருந்த ஒரு வழியும் அடைபடுகிறது. விளம்பரம் வெளிவரும் இடம் மாறியிருப்பினும், அறியாத ஊரில் ஒருவருக்குப் பொறுப்பேற்பது யார் என்னும் பழைய கேள்வியைச் சட்டமும் இணையமும் இன்னும் தீர்த்துவிடவில்லை.