பேயும் சண்டையும்: நூறாண்டு வழக்கு

தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வழி தவறிவிட்டால், காரணம் யாதென ஆராயப் புகுவோர் நம்மிடையே சிலரே. காரணத்தை முன்கூட்டியே மடியில் முடிந்து வைத்திருப்போர் பலர். கோயில் கூட்டமாயினும் சரி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமாயினும் சரி, பெரியவர் ஒருவர் எழுந்து, சண்டைப் படமும் பேய்ப் படமும் கைப்பேசி விளையாட்டுமே நம் பிள்ளைகளைக் கெடுத்தன என்று முழங்குவார். கூட்டம் கைதட்டும். தீர்ப்பு எழுதியாயிற்று என்ற நிறைவுடன் யாவரும் தேநீர் அருந்தச் செல்வர்.

இவ்வழக்கில் நாம் நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம், சிறுவயது முதலே சண்டைப் படப் பித்துடையோம். ஈப்போவில் பேய்ப் படத்தின் இரவுக் காட்சி பார்த்துவிட்டு, செம்பனைக் காட்டினூடே திரும்பிப் பாராமல் மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்ததும் உண்டு. துப்பாக்கி விளையாட்டு ஆடி உறக்கம் கெட்ட இரவுகளும் உண்டு. ஆயினும், குற்றஞ்சாட்டுவோர் பக்கம் நின்று ஒருமுறை நாமே சாட்சி சொல்லியிருக்கிறோம். அதனைக் கட்டுரையின் இறுதியில் ஒளியாது கூறுவோம். முதற்கண் வழக்கின் வரலாற்றைக் காண்போம்.

சாட்டையேந்திய நங்கை

1927-ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் சினிமாவைப் பற்றி விசாரிக்க ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். ஆட்சியாளரின் கவலை என்ன? அமெரிக்கப் படங்களில் வெள்ளையர் கொள்ளையடிப்பதையும், குடித்து உருள்வதையும், வெள்ளை மாதர் ஆடவரைத் தழுவுவதையும் இந்திய மக்கள் கண்டால், ஆளும் சாதியாரிடம் வைத்துள்ள மதிப்பு என்னாவது என்பதே. அமெரிக்கப் படத்தின் இடத்தில் பிரிட்டிஷ் படத்தை அமர்த்தும் வாணிப ஆசையும் அதனுடன் கலந்திருந்தது. குழுவினர் ஊர் ஊராகச் சென்று 353 சாட்சிகளை விசாரித்தனர். மேல்நாட்டுப் படங்களால் மக்களின் ஒழுக்கம் கெட்டதென்னும் குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே 1928-இல் வெளிவந்த அறிக்கையின் முடிவு. மலாயாவிலும் அக்காலத் தணிக்கையாளரை இதே அச்சம் ஆட்டிவைத்தது. குற்றங்களைக் காட்டும் அமெரிக்கப் படங்களின்மீதே அவர்தம் கத்தரிக்கோல் மிகுதியும் பாய்ந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே படங்களை லண்டனில் வெள்ளைத் தொழிலாளியும் கண்டான். அவன் கண்டபோது ‘மதிப்பு’ என்னும் பேச்சு எழவில்லை. ஆகவே, படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதனை யார் பார்க்கிறார் என்பதே அச்சத்தின் வேர் என்பது தெளிவாகின்றதன்றோ!

சிலவாண்டுகளில் இந்தியாவே சண்டைப் படம் எடுக்கத் தொடங்கியது. 1935-இல் பம்பாயின் வாடியா மூவிடோன் ‘ஹண்டர்வாலி’யை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா, முகமூடியும் சாட்டையும் தாங்கிக் கொடியோரைப் புடைத்தார். 1937-இல் தமிழில் வந்த ‘மின்னல் கொடி’யில், கே. டி. ருக்மணி ஆண்வேடம் பூண்டு கொள்ளைக்காரனின் பெயரால் உலவினார். கற்றோர் இவற்றை ‘ஸ்டண்ட்’ என்று சொல்லி மூக்கைச் சுளித்தனர். கூலி வேலை செய்வோர் காசு கொடுத்துக் கண்டு களித்தனர். பிரம்பை எந்நாளும் மேலதிகாரியின் கையில் மட்டுமே கண்டிருந்தவனுக்கு, அது ஒரு பெண்ணின் கைக்கு மாறி, அநியாயக்காரன் முதுகில் விழுவதைக் காண்பது எத்தகைய விருந்து! அதனைக் கீழ்த்தர ருசி என்று நாம் கூறத் துணியோம்.

பேயல்லாத பேய்

இனிப் பேய்க்கு வருவோம். தமிழ்ப் படங்களுள் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்னும் சான்றிதழை முதலிற் பெற்றது 1951-இல் வந்த ‘மர்மயோகி’. ராம்நாத் இயக்கிய ஜூபிடர் படம், கதாநாயகர் எம். ஜி. ஆர். அதில் பேயுருவம் ஒன்று தோன்றுவதால் சிறுவர் அஞ்சுவர் எனத் தணிக்கையாளர் கருதினர். வேடிக்கை யாதெனில், அப்படத்தில் பேயே இல்லை! செருகளத்தூர் சாமா ஏற்ற வேடம், இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய அரசன். தன்னைக் கொல்ல முயன்றவளை நடுங்கச் செய்யவே அவன் பேய்போல் உலவுகிறான். பேய் என்பது குற்றமுள்ள நெஞ்சின் நடுக்கம் என்று காட்டும் படத்தையே பேய்ப் படமென்று முத்திரையிட்டனர். பகுத்தறிவுப் பாடத்தைப் பிள்ளைகளின் கண்ணுக்கு மறைத்துவிட்டு, கோடாங்கியின் உடுக்கை ஒலியை அவர்தம் காதுக்குத் தடையின்றி விட்டுவைத்தோம்!

நமது நாட்டில் 1957-இல், சுதந்திரத்துக்குச் சில திங்கள் முன்னர், ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படம் திரைக்கு வந்து பெருவெற்றி கண்டது. கதாநாயகி மரியா மெனாடோ. இயக்கிய பி. என். ராவ், அதற்கு முன் தமிழில் ‘ரம்பையின் காதல்’ எடுத்தவர். மறு ஆண்டே ‘ஓராங் மிஞ்ஞாக்’ என்னும் எண்ணெய் மனிதனைத் திரைக்குக் கொணர்ந்தவர்களுள் எல். கிருஷ்ணனும் ஒருவர், சென்னையில் பிறந்து, சிறுவயதில் மலாயா வந்து வளர்ந்தவர். மலாய் நம்பிக்கை, சீன முதலாளியின் பணம், இந்திய இயக்குநரின் கைத்திறன் ஆகிய மூன்றும் கூடி இந்நாட்டுப் பேய்ப் படத்தைப் பெற்றெடுத்தன. முதல் ‘பொந்தியானாக்’ படத்தின் பிரதி இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் அதனைக் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டையொன்றில் எறிந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயக்குட்டைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, அவற்றின் கரையில் நிற்குந்தோறும் இச்செய்தி நினைவுக்கு வருவதுண்டு.

பொந்தியானாக் யார்? பிரசவத்தில் உயிர்விட்ட பெண். நம் தமிழ் மக்களிடையேயும் சூலியாய் இறந்தவள் பேயாவாள் என்னும் நம்பிக்கை இருந்தது. ஆயினும், அதே தமிழ் மக்கள் வேறொன்றும் செய்தனர். கருவுற்ற நிலையில் இறந்தவளின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல்லை நட்டனர். அவள் இறக்கி வைக்காத சுமையின் பெயரால், வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறினர். ஒரே சாவுக்கு இருவகை மறுமொழிகள்: ஒன்று அச்சம், மற்றொன்று அருள். பேய்ப் படத்தை நாம் வெறுப்பதில்லை. அதனுள் மருத்துவம் கிட்டாமல் மாண்ட தாய்மாரின் முனகல் ஒலிக்கின்றது. ஆனால் முடிவில் மந்திரவாதியை வணங்கச் சொல்லும் படத்தை வெறுக்கிறோம். இந்நாட்டில் பொந்தியானாக்கின் எண்ணிக்கையைக் குறைத்தவர் மந்திரவாதி அல்லர், மருத்துவச்சியே.

முடிவில்லா விளையாட்டு

இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்பது விளையாட்டு. 1993-இல் அமெரிக்க செனட் சபையில் ‘மோர்ட்டல் காம்பாட்’ முதலிய விளையாட்டுகள்மீது விசாரணை நடந்தது. மறு ஆண்டே வயதுத் தர முத்திரை இடும் ஏற்பாடு வந்தது. 2011-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வன்முறை விளையாட்டைச் சிறுவருக்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் தள்ளியது. விளையாட்டே சிறுவரை மூர்க்கராக்குகிறது என்று ஆராய்ச்சிகள் மெய்ப்பிக்கவில்லை என்றது தீர்ப்பு. நம் நாட்டிலோ 2017-இல், கடவுளரும் தீர்க்கதரிசிகளும் மல்லுக்கு நிற்கும் ஒரு விளையாட்டுக்காக, ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடை முழுவதையுமே ஏறத்தாழ ஒருநாள் அடைத்து வைத்தனர். ஒரு சரக்குக்காகச் சந்தையையே மூடிய கதை!

ஆயினும், விளையாட்டு முற்றிலும் நிரபராதி என்று நாம் வாதிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. அதன் இலக்கணத்தில் இரத்தமும் இல்லை, பேயும் இல்லை. தன்னை அடக்க இயலாமை, மற்ற கடமைகளை மறத்தல், கேடு கண்ட பின்னும் விடாமை ஆகியவையே சொல்லப்படுகின்றன. இது நமது அனுபவத்தோடு பொருந்துகிறது. பழைய படம் எத்துணைக் கொலை காட்டினும் இறுதியில் ‘சுபம்’ என்றெழுதி நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும். கைப்பேசி விளையாட்டுக்குச் சுபம் இல்லை. பொழுதையும் சம்பளத்தையும் துளித்துளியாக, பால்மரத்தைச் சீவுவதுபோல் சீவி எடுக்கின்றது. கண்டிக்க வேண்டுவது இந்த வாணிபத்தை.

வீட்டுப் பதிவேடு

நம்மூர்ச் சண்டைக்கு வருவோம். 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்னும் மலேசியத் தமிழ்ப் படம் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருதை வென்றது. ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல், தீயவன் என்னும் பொருளில், நம் மக்கள் நாவில் ‘ஜகாட்’ ஆயிற்று. தோட்டம் கைவிட்டுப் போன குடும்பங்களின் நடுவே, பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் குண்டர் உலகம் எவ்வாறு விழுங்குகிறது என்பதே கதை. அவனைக் கெடுத்தது எது என்று ஒரு விரலால் சுட்டாமல், சுற்றியுள்ள அனைத்தையும் காட்டுவதே அப்படத்தின் நேர்மை. 2016-இல் வந்த ‘கபாலி’க்கோ, இந்நாட்டுப் பிரதியில் மட்டும், கபாலி போலீசாரிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் முடிவில் சேர்க்கப்பட்டது. ஒரு வரி வாசகத்தால் குண்டர்கும்பல் திருந்துமாயின், தோட்டந்தோறும் பலகை எழுதி மாட்டிவிடலாமே!

இவ்வாறு எள்ளும் உரிமை நமக்கு முழுதும் இல்லை. சிலவாண்டுகட்கு முன், நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இரு வாலிபர் பாராங்கத்தியால் வெட்டிக்கொண்டனர். நிர்வாகம் எம்மிடம் அறிக்கை கேட்டது. நாம் பள்ளியில் கற்ற ஆங்கிலம் அன்று நன்கு உதவியது. குண்டர் படங்களும் கைப்பேசி விளையாட்டுகளுமே காரணம் என்று அழகாக எழுதிக் கொடுத்தோம், பாராட்டும் பெற்றோம். சில வாரம் கழித்து, நமது அலமாரியிலிருந்த வீட்டுப் பதிவேட்டைப் புரட்டும்போதுதான் கண்டோம்: இருவரின் தந்தையரும் அவ்வாண்டே ஓய்வு பெறுபவர், இரு குடும்பத்துக்கும் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் போயிருந்தது. காலியிருந்ததோ ஒரே வேலை. அது எவனுக்குக் கிடைக்குமோ அவன் வீடு நிலைக்கும். அந்த நோட்டீசைத் தட்டச்சு செய்ததும் நாமே. நமது அறிக்கையின் பேரில் இருவருக்கும் வேலை மறுக்கப்பட்டது. இரண்டு வீடுகளும் காலியாயின.

படத்தைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அதற்குப் பதிவேட்டைத் திறக்க வேண்டியதில்லை. ரங்காச்சாரியார் குழு 353 பேரைக் கேட்டது. நாம் அவ்விருவரில் ஒருவனையேனும் கேட்டோமில்லை.

ஆகவே, அன்பர்களே, அடுத்த கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து படத்தையும் விளையாட்டையும் சாடும்போது, கைதட்டுமுன் அவரைப் பணிவுடன் கேளுங்கள்: அப்பிள்ளையின் வீடு யார் பெயரில் உள்ளது? அவன் பந்தாடிய திடலில் இன்று என்ன நட்டிருக்கிறது? மாலையில் அவன் சென்று அமரத் திறந்திருக்கும் மண்டபம் எது? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் படத்தைப் பற்றிப் பேசுவோம். பேசுவதற்கு நாமும் வருவோம். பேய்ப் படமாயின், முன்வரிசையிலேயே அமர்வோம்.