சாரதியின் கண்

ஒருபக்கத்துக்கு ஐவர் ஆடும் கூடைப்பந்தாட்டத்தில், பந்தைத் தட்டிச் சென்று, அதை எவனிடம் எப்பொழுது சேர்ப்பதென்று தீர்மானிக்கும் வீரன் ஒருவன் உண்டு. 'பொயின்ற் கார்ட்' என்பது அவனுக்கு வழங்கும் பெயர். நாம் சாரதி எனலாம். அச் சாரத்தியத்தைக் கலையாக உயர்த்தியவர் அமெரிக்க வீரர் பொப் கூசி.

1928 இல் நியூ யோர்க்கில், பிரான்சிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். சிறுவயதில் மரத்தினின்று விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டார். அது பொருந்தும்வரை இடக்கையால் ஆடினார். பள்ளிக் குழுவில் இடம்பெறாதிருந்த பையன், இருகையாலும் பந்தாளுவதைக் கண்ட பயிற்றுநரால் அழைக்கப்பட்டான். விபத்தும் சிலவேளை ஆசானாகிறது!

1950 இல் பொஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் பயிற்றுநர் ரெட் ஓவர்பாக், அயலூர்க் கல்லூரியில் புகழ்பெற்றிருந்த கூசியை வேண்டாமென்று விட்டார். அவரைப் பெற்ற வேறொரு கழகம் கலைந்துபோயிற்று. அக் கழகத்தின் மூவர் பெயர்களைச் சீட்டெழுதித் தொப்பியிலிட்டு மூன்று குழுக்கள் எடுத்தன. பொஸ்டன் உரிமையாளர் வோல்டர் பிரவுன் கையில் வந்தது, அவர் விரும்பாத கூசியின் பெயர்!

ஆறடி ஓரங்குலமே உயரமான அவருக்குப் பக்கப் பார்வை மிகக் கூர்மை. ஒருபுறம் நோக்கி மறுபுறம் எறிவார். முதுகின் பின்னாலும் பந்தைக் கடத்துவார். எதிர்பாராது வந்த பந்து தம் தோழரின் தலையிலேயே பட்டதும் உண்டு. 1953 மார்ச்சில் சிரக்கியூஸ் குழுவுடன் நான்குமுறை மேலதிக நேரம் நீண்ட ஆட்டத்தில் 50 புள்ளிகள் பெற்றார். அவற்றுள் 30 தண்ட எறிகளால் வந்தவை. தோழர் கூடையிட வழிசெய்யும் பந்துக் கொடுப்பில் தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அவரே முதல்வர்.

1956 இறுதியில் நெட்டையரான பில் ரசல் குழுவிற் சேர்ந்தார். ரசல் எதிரியின் எறியைத் தடுத்துப் பந்தைப் பறிப்பார். கூசி அதனை மின்னலெனக் கொண்டோடுவார். இருவரும் சேர்ந்து, 1963 இல் கூசி ஓய்வுபெறுவதற்குள், ஆறு வெற்றிக் கிண்ணங்களை ஈட்டினர்.

ஆடுகளத்துக்கு வெளியிலும் அவர் சும்மாயிருக்கவில்லை. மத்தியத்துவரிடம் முணுமுணுத்ததற்கே 15 டொலர் தண்டம் விதிக்கப்பட்ட அக்காலத்தில், 1954 இல் வீரர்களுக்கெனச் சங்கம் அமைத்தார். செல்டிக்ஸ் குழுவின் கறுப்பின வீரர் சக் கூப்பருக்கு வட கரோலினாவில் விடுதி இடமளிக்க மறுத்தபோது, அவருடன் இரவுப் புகைவண்டியில் தாமும் புறப்பட்டவர் கூசி.

ஆயினும் ரசல் விடயத்தில் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. பொஸ்டன் நகரம் ரசலின் வெற்றிகளைக் கொண்டாடிற்று. ஆனால் அவரைத் தன்னவராக ஏற்கத் தயங்கிற்று. அவர் வீட்டினுள் புகுந்து இழிசொற்களை எழுதிச் சென்றோரும் உளர். அதே ஊரில் கூசி செல்லப்பிள்ளை. 1963 மார்ச் 17 இல் அவருக்கு நடந்த பிரியாவிடையில் அரங்கமே அழுதது. ரசல் தனியாகச் சுமந்ததைக் குழுத்தலைவனாகிய தாம் பகிர்ந்துகொள்ளவில்லையே என்ற எண்ணம் முதுமையில் அவரை வாட்டிற்று. களத்தில் முதுகுப்புறமும் கண்டவர், உடைமாற்றும் அறையில் அருகிலிருந்தவரைக் காணத் தவறினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2016 இல், தமது எண்பத்தேழாம் வயதில், ரசலுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் இன்னும் செய்திருக்க வேண்டுமென்று அதில் வருந்தினார். கறுப்பினத்தவரின் வாழ்வைப் பற்றித் தா-நெஹிசி கோட்ஸ் தம் மகனுக்கு எழுதிய மடலாக அமைத்த நூலொன்றையும் சேர்த்து அனுப்பினார். ரசல் அப்போது எண்பது கடந்திருந்தார். 2022 இல் காலமானார். அவர்கள் ஒரே குழுவில் கடைசியாக ஆடிய நாளுக்கும் அக் கடிதத்துக்கும் இடையே ஐம்பத்துமூன்று ஆண்டுகள்.